ஒரு கை பேரீச்சம்பழம்

அன்று டாக்டர் ரத்னாவின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர் ரத்னா, ஏழு மாதக் கர்ப்பிணியான முத்துமாரி, அவள் கணவன் பிரபாகர், மாமியார் தாயம்மா, மாமனார் மண்ணாங்கட்டி. வேறு ஒருவரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. பின்னால் அவர்களுடைய மீனவர் குப்பத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, தானும் அங்கே இருந்து காதால் கேட்டதாகச் சொல்லிக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களில் யாரும் அங்கே இல்லை.

டாக்டர் ரத்னா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முத்துமாரிக்குச் சுகர் இருக்கு. கர்ப்பத்துல வர்ற சுகர். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போயிடும், பயப்பட வேண்டாம். ஆனா இப்ப வாயைக் கட்டலைன்னா குழந்தை பெருத்துடும். பெருத்துட்டா சுகப்பிரசவம் கஷ்டம்."

மண்ணாங்கட்டியின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஏறியது. அவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, எங்க வூட்ல கத்தி வச்சி எடுத்தது கெடயாது."

அது வெறும் பேச்சு அல்ல. ஊரூர் குப்பத்தில் அந்த வீட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மண்ணாங்கட்டியின் அம்மா, அவருடைய அத்தைகள், தங்கைகள், கட்டிக்கொண்டு வந்த தாயம்மா, ஒருத்தி உடம்பிலும் கத்தி பட்டதில்லை. பிரபாகரைப் பெற்ற அன்று தாயம்மா மத்தியானம் வரை கூடை வைத்து வவ்வால் மீன் விற்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஞ்சாயத்தில் உட்காரும்போதும் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகும்போதும் மண்ணாங்கட்டி இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அறுபத்தெட்டு வயதாகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவர் முகத்துக்கு நேரே சிரித்தவன் குப்பத்தில் இல்லை.

"அதுக்குத்தான் ஐயா சொல்றேன்," என்றார் டாக்டர். "தட்டுல பாதி கீரையும் காயும். கால்வாசி மீன். கால்வாசிதான் சோறு. சர்க்கரை, வெல்லம், ஜூஸ் எதுவும் கூடாது. சாப்பிட்டுட்டு நடக்கணும்."

"மீனு எவ்ளோ வேணா துன்லாமா?" என்று தாயம்மா கேட்டாள்.

"தாராளமா."

"அப்ப எங்களுக்கு இன்னா கஷ்டம். இவ்ளோ நாளு சோத்துக்கு மீனத் தொட்டுக்கினோம். இனிமே மீனுக்குச் சோத்தத் தொட்டுக்குவோம்."

முத்துமாரி சிரித்துவிட்டாள். மாமனார் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்து, மருந்துக் கடையைத் தாண்டும் முன்பே மண்ணாங்கட்டி மூன்று பேரையும் நிறுத்தினார்.

"இந்த சுகர் பேச்சு நம்ம நாலு பேரோட நிக்கணும்."

"இன்னா நைனா, ஊர்ல யாருக்குத்தான் சுகர் இல்ல?" என்றான் பிரபாகர்.

"ஊரு வேற, நம்ம வூடு வேற. மாசமா கீற பொண்ணுக்குச் சீக்குன்னு ஒருத்தி வாயில உழுந்துச்சின்னா, நாளைக்குப் பொறக்கப் போற கொயந்தைக்கும் அதான் பேரு. திருவான்மியூர்லேந்து நல்லா இருந்த பொண்ணக் கட்டிக்கினு வந்து நாம கெடுத்துட்டோம்னு அவங்க வூட்லயும் சொல்லுவாங்க. வோணாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மூவரும் தலையாட்டினார்கள்.

ஆனால் குப்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் ஒவ்வொரு வீடும் அவள் வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து கொண்டுவரும். கொண்டுவந்தவள், கர்ப்பிணி முதல் வாய் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். பாத்திரத்தைக் காலிசெய்து கழுவித் திருப்ப வேண்டும். தின்னாமல் அப்படியே திருப்பி அனுப்பினால் அந்த வீட்டோடு உறவை அறுத்ததாக அர்த்தம். பெரிய சண்டைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. சண்டை தீர்ந்ததையும் அப்படித்தான் ஊருக்குக் காட்டுவார்கள். பேசாமல் இருந்தவள் பாத்திரத்தோடு வந்து நின்றால், அது சமாதானம்.

இதற்கு ஒரு வழியை மண்ணாங்கட்டியே கண்டுபிடித்தார். பிள்ளை பிறக்கிற வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று முத்துமாரி எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். வேண்டுதல் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து காரமாகக் கொண்டுவந்தார்கள். நெத்திலி வறுவல் வந்தது, இறால் தொக்கு வந்தது, முருங்கைக்கீரை போட்ட கருவாட்டுக் குழம்பு வந்தது. முத்துமாரி ஒரு வாய் தின்றாள், மிச்சத்தைப் பிரபாகர் தின்றான்.

"மசக்கை எனக்கா இவருக்கான்னு தெரில அத்தை," என்றாள் முத்துமாரி.

"அவன் வவுறு எட்டு மாசம் மாரி கீது," என்றாள் தாயம்மா.

வீட்டில் கேழ்வரகு அடை, பாசிப்பயறு சுண்டல், கீரைக் கடைசல் என்று தாயம்மா ஒழுங்காகத்தான் செய்தாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் முத்துமாரி கடலோரமாக நடந்தாள். பிரபாகர் போட் இறக்காத நாட்களில் அவனும் கூடப் போனான். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது, மண்ணாங்கட்டி பாண்டி பஜாருக்குப் போகிற வரைக்கும்.

மருமகளுக்குத் தன் கையால் ஒன்றும் வாங்கித் தரவில்லையே என்று அவருக்குக் குறை. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் பஸ் பிடித்துப் போய், ஒரு பருப்புக் கடையில் பாதாம் கேட்டார். கர்ப்பிணிக்கு என்று தெரிந்ததும் கடைக்காரர் வேறொரு டப்பாவைத் திறந்தார். கடைசி மாதங்களில் பேரீச்சம்பழம் தின்றால் வலி நன்றாக எடுக்கும், கத்தி இல்லாமல் பிள்ளை வந்துவிடும், வெளிநாட்டிலேயே எழுதியிருக்கிறான் என்றார். மண்ணாங்கட்டிக்கு வேறென்ன வேண்டும். பெரிய டப்பாவாக வாங்கினார்.

சர்க்கரையா? இல்லை. வெல்லமா? இல்லை. மரத்தில் காய்க்கிற பழம். டாக்டர் சொன்ன எதையும் தான் மீறவில்லை என்று அவர் உறுதியாக நம்பினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், நடந்து முடித்து வந்து உட்காரும் மருமகள் முன்னால் அவர் வந்து நிற்பார். கை நிறைய அள்ளி நீட்டுவார்.

"துன்னு கண்ணு."

அதிகம் பேசாத மனிதர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவளிடம் நேராகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவர் அப்படி வந்து நிற்பது முத்துமாரிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் தின்றாள். தாயம்மா அந்த நேரத்தில் ராத்திரிச் சமையலில் இருப்பாள். அவளுக்கு இது தெரியாது.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது பாஞ்சாலி வந்தாள்.

பாஞ்சாலி இரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவள். மீன் கடை போடுகிற இடத்துக்காக ஒரு தகராறு வந்து, மண்ணாங்கட்டி பஞ்சாயத்தில் அவளுக்கு எதிராகச் சொன்னதில் பேச்சு நின்றுபோயிருந்தது. இப்போது அவளே இறங்கி வந்து, மூடிய பாத்திரத்தோடு நின்றாள். மூடியை எடுத்தாள். அதிரசம்.

"வேண்டுதல்ல கீறான்னு தெரியும்ண்ணா," என்றாள். "அதுக்குத்தான் நேரா அம்மனுக்கே படைச்சி எட்த்துக்கினு வந்துக்கீறேன். அவளுக்கு வேண்டிக்கினத அவ படையலே மீறுமா? ஒரு வாய் துன்னச் சொல்லு."

அம்மனைச் சாக்குச் சொன்ன மனிதர் முன்னால் அம்மன் பிரசாதமே வந்து நின்றது. முத்துமாரி மாமனாரைப் பார்த்தாள். பாஞ்சாலி இருவரையும் பார்த்தாள்.

"வோணாம் பாஞ்சாலி. எட்த்துக்கினு போ."

"இன்னாண்ணா சொல்ற?"

"எட்த்துக்கினு போன்னு சொல்றேன்."

பாஞ்சாலி மூடியை மெதுவாக மூடினாள். "சரி. அப்ப நீ இன்னும் மறக்கல. நாந்தான் கேணச்சி மாரி வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரப் பரிசோதனை முடிவு பிரபாகரின் போனுக்குக் காலையில் வந்தது. சுகர் இறங்கவில்லை. முன்னைவிட ஏறியிருந்தது.

"எப்டிய்யா ஏறும்?" என்றாள் தாயம்மா. "நாந்தான ஆக்கிப் போடுறேன்."

மண்ணாங்கட்டிக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. இரண்டு நாள் முன்பு கடலோரத்தில் முத்துமாரியோடு பாஞ்சாலி நின்று பேசியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அவமானப்பட்டவள், வன்மம் வைத்து எதையோ ஊட்டிவிட்டாள். டாக்டரிடம் போகிற வழியில் மீன் கடைகளுக்கு நேரே நடந்தார்.

"எம் மருமவ வாயில இன்னா போட்ட?"

பாஞ்சாலி சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றது.

"ஒரு கொய்யாக்கா கூட குடுக்கல. கால் வீங்கிக்கீதே, ஒக்காந்து ஒக்காந்து நடன்னு சொன்னேன். அது தப்பா?"

"பகைய மனசுல வச்சிக்கினு நடிக்காத."

பாஞ்சாலியின் கண் கலங்கியதை அந்த வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள்.

டாக்டர் அறையிலும் அவர் அதையே சொன்னார். டாக்டர் ரத்னா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முத்துமாரியைப் பார்த்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்ன தின்கிறாய், ஒன்று விடாமல் சொல் என்றார். அவள் சொன்னாள். அடை, சுண்டல், மீன், கீரை. எல்லாம் சரி.

"சாயந்தரம் நடந்துட்டு வந்த பிறகு?"

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா."

"பேரீச்சம்பழம்."

"எத்தனை?"

"ஒரு கை."

"உன் கையா?"

அவள் பார்வை போன திசையில் டாக்டரும் பார்த்தார். மண்ணாங்கட்டி மடியில் வைத்திருந்த கையைத் தானாகவே எடுத்து விரித்தார். ஐம்பது வருடம் துடுப்பும் வலைக்கயிறும் பிடித்த கை. சின்னச் சோற்றுத் தட்டு அளவு இருந்தது. டாக்டர் ரத்னா அந்தக் கையைப் பார்த்தார்.

"இவ்வளவும் தினமுமா?"

"பழந்தான டாக்டரம்மா. கடைசி மாசத்துல துன்னா வலி நல்லா எடுக்கும்னு..."

"அப்படிச் சில ஆராய்ச்சி சொல்றது உண்மைதான் ஐயா. கடைக்காரர் பொய் சொல்லல. சிலருக்கு உதவலாம். ஆனா அது சுகர் இல்லாதவங்களுக்கு. இந்தப் பழத்துல முக்கால்வாசி சர்க்கரைதான்." பிறகு முத்துமாரியிடம் திரும்பினார். "நீ ஏம்மா வேண்டாம்னு சொல்லல? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மாமா வந்து நின்னு கையை நீட்டுறாரு. எப்டி வோணாங்கிறது?"

தாயம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை.

"போதும் வா," என்று மட்டும் சொன்னாள்.

குப்பத்துக்குத் திரும்பியதும் மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போகவில்லை. மீன் கடைகள் இன்னும் கலையவில்லை. காலையில் எத்தனை பேர் முன்னால் பேசினாரோ அத்தனை பேர் முன்னாலும் பேச வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாஞ்சாலியின் கடை முன்னால் போய் நின்றார். நிமிர்ந்துதான் நின்றார். குரலையும் இறக்கவில்லை.

"பாஞ்சாலி, எங்க வூட்டுப் பொண்ணுக்குச் சுகர் கீது. வேண்டுதல்னு சொன்னது பொய். அதாலதான் உன் பாத்திரத்தத் திருப்புனேன், பகையால இல்ல. சுகர ஏத்துனதும் நீ இல்ல. நாந்தான் பேரீச்சம்பழம் குடுத்தேன். காலையில உன்னச் சொன்னது தப்பு."

பாஞ்சாலி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சுகரா?" என்றாள் பாஞ்சாலி. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நோவு உனக்கு? எனக்குக் கீது. எங்க சின்னவளுக்கு ரெண்டு பிள்ளைக்கும் கீந்துச்சி. தோ, இந்த வரிசையில கைய தூக்கச் சொல்லு பாக்கலாம்."

யாரும் சொல்லாமலேயே நாலைந்து கைகள், செதில் ஒட்டிய கைகள், தூக்கப்பட்டன. யாரோ சிரித்தார்கள். மண்ணாங்கட்டி அதைத் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தாலும் அன்று அவருக்கு அது உரிய சிரிப்புதான்.

"அந்த அதிரசம் கீதா?" என்று கேட்டார்.

"கீது. கல்லு மாரி ஆயிருக்கும்."

"கொண்டா."

அவள் ஆளனுப்பி எடுத்துவரச் செய்தாள். அவர் அங்கேயே, மீன் பலகை ஓரம் உட்கார்ந்து, பாத்திரம் காலியாகிற வரை தின்றார். கழுவித் திருப்பிக் கொடுத்தார். பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதே பாத்திரத்தில் அவள் முத்துமாரிக்கு வேகவைத்த காராமணியும் மிளகு போட்ட கிழங்கான் மீனும் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு குப்பத்தில் போட்டி வந்துவிட்டது. முத்துமாரிக்கு ஆகிறது எது, ஆகாதது எது என்று டாக்டரைவிடக் கண்டிப்பாகப் பெண்கள் பேசினார்கள். ஒருத்தி சோறு கொண்டுவந்தால் இன்னொருத்தி அளவைப் பார்த்துப் பாதியைத் திருப்பிக் கொட்டினாள். சாயங்கால நடைக்கு முத்துமாரியோடு ஒரு ஊர்வலமே போயிற்று. சுகர் இறங்கியது. குழந்தையின் எடை சரியாக இருக்கிறது, இன்சுலின் ஊசி தேவைப்படாது என்றார் டாக்டர். மண்ணாங்கட்டி மறுபடி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்ப கத்தி வோணாம்."

"அதுல ஒரு விஷயம் இருக்கு ஐயா," என்றார் டாக்டர் ரத்னா. "இந்நேரம் தலை கீழே திரும்பியிருக்கணும். இந்தக் குழந்தை தலையை மேலே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வெளியிலேருந்து கையால திருப்பிப் பார்க்கலாம்னா, தண்ணி குறைவா இருக்கு. கொஞ்ச நாள் பொறுப்போம்."

பொறுத்தார்கள். அது திரும்பவில்லை. பிரசவத்துக்கு நாள் குறித்தார்கள். கத்திக்கு நாள் குறித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று காலை முத்துமாரிக்குப் பச்சை உடுப்பு மாற்றிப் படுக்கையில் உட்கார வைத்திருந்தார்கள். தாயம்மா கூந்தலைப் பின்னிக்கொண்டிருந்தாள். மண்ணாங்கட்டி வாசலில் டாக்டரை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. நான் குடுத்த பழத்தாலயா?"

"இல்ல ஐயா. நல்லாச் சாப்பிட்டதால குழந்தை அளவா இருக்கு, அவளும் தெம்பா இருக்கா. அது சாப்பாடு செய்ற வேலை. உட்கார்ந்த குழந்தையை எந்தச் சாப்பாடும் தலைகீழாத் திருப்பாது. நீங்க பழம் குடுத்திருந்தாலும் குடுக்காட்டியும் இது இப்படித்தான்."

அவர் உள்ளே போனார். முத்துமாரி அவரைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"மாமா, உங்க வூட்டுப் பேர நான் கெடுத்துட்டேன்."

"எம் பேரு மண்ணாங்கட்டி," என்றார் அவர். "அதக் கெடுக்கறதுக்கு இன்னா கீது?"

தாயம்மா பின்னிக்கொண்டிருந்த ஜடையை விட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவர் தன் பெயரை வைத்து ஒரு தடவையும் வேடிக்கையாகப் பேசியதில்லை. முத்துமாரி அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். அவர் அந்தப் பெரிய கையை அவள் தலைமேல் வைத்தார். நர்ஸ் வந்து நேரமாகிறது என்று சொல்கிற வரை எடுக்கவில்லை.

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெளியே தூக்கிவந்து காட்டியபோது பிரபாகர் வாங்கப் பயந்தான், மண்ணாங்கட்டிதான் வாங்கினார். இரண்டாம் நாளே முத்துமாரி எழுந்து நடந்தாள். அவள் சுகர் சரியான அளவுக்கு வந்துவிட்டது. பால் ஊற வேண்டும் என்று தாயம்மா சுறாப்புட்டு செய்து கொண்டுபோனாள். பாஞ்சாலி கூடப் போய், புட்டில் பூண்டு போதாது என்று ஆஸ்பத்திரி நடையிலேயே தாயம்மாவோடு வாதம் செய்தாள்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு குப்பத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கத்தி பட்டதற்குக் காரணம் பாஞ்சாலி ஊட்டிய அதிரசம்தான், அதனால்தான் பிள்ளை பெருத்துப்போய் அறுத்து எடுத்தார்கள் என்று. மீன் ஏலத்தில் இதை மண்ணாங்கட்டியின் காதுபடவே ஒருவன் சொன்னான். அவர் ஏலத்தை நிறுத்தச் சொன்னார். குடும்பத்தின் பேருக்கு அந்தப் பொய் வசதியானது, பழி வெளியாள் மேல் போகிறது. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

முத்துமாரி அதிரசம் தின்னவில்லை. பிள்ளை பெருக்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தது, திரும்பவில்லை, அறுத்து எடுத்தார்கள்.